பழைய சிக்கன கார்ட்டூன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவிக்காக எடுத்த பழைய கார்ட்டூன்களைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். 1950களின் கடைசியிலிருந்து 1960களின் கடைசி வரை வந்தவைதான் பெரும்பாலும் இங்கே பேசப்படுகின்றன. வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்ன விவரங்கள் தேவைப்படும்.

1. சிக்கன கார்ட்டூன்னு எதைச் சொல்றீங்க? டாம் அண்ட் ஜெர்ரியும் அதுல சேருமா?

சேராது. டாம் அண்ட் ஜெர்ரி சினிமா தியேட்டருக்காக எடுத்தது. வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா என்ற இருவர் எம்ஜிஎம் நிறுவனத்தில் 1940இல் தொடங்கி அதை எடுத்தார்கள், ஏழு ஆஸ்கர் வாங்கினார்கள். நான் சிக்கன கார்ட்டூன் என்று சொல்வது டிவிக்காகவே, டிவி கொடுத்த காசில், டிவி கேட்ட வேகத்தில் எடுத்தவற்றை. யோகி கரடி, ஹக்கிள்பெரி ஹவுண்ட், ஃபிளிண்ட்ஸ்டோன்ஸ், ராக்கி அண்ட் புல்விங்கிள், ஜப்பானின் ஆஸ்ட்ரோ பாய் எல்லாம் இந்த வகை. இவற்றுக்கெல்லாம் முன்னோடி அலெக்ஸ் ஆண்டர்சனும் ஜே வார்டும் உருவாக்கிய குரூசேடர் ராபிட். டிவிக்கென்றே தயாரான முதல் கார்ட்டூன் தொடர் அதுதான்.

நம் ஊரில் இந்தக் குழப்பம் வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எம்ஜிஎம்மின் பழைய படங்களும் ஹன்னா-பார்பராவின் டிவி தொடர்களும் டர்னர் நிறுவனத்தின் கைக்குப் போய், கார்ட்டூன் நெட்வொர்க்கில் அடுத்தடுத்து ஓடின. 1995இல் அந்தச் சேனல் இந்தியாவுக்கு வந்தபோது நாம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்தோம். ஒன்று 1945இல் தியேட்டருக்கு எடுத்தது, அடுத்தது 1960இல் டிவிக்கு எடுத்தது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டையும் எடுத்தது அதே இரண்டு பேர்தான் என்பதும் பலருக்குத் தெரியாது.

2. அவ்வளவு நல்லா எடுத்தவங்க ஏன் திடீர்னு இப்படி எடுக்க ஆரம்பிச்சாங்க?

வேலை போய்விட்டது, அதுதான் காரணம். 1957இல் எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவையே மூடிவிட்டது. பழைய படங்களை மறுபடி வெளியிட்டாலே புதிய படத்துக்கு வருகிற அளவு வருமானம் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது, அப்புறம் எதற்குப் புதிதாகச் செலவு என்பது அவர்கள் கணக்கு. தியேட்டர் பக்கமும் நிலைமை மாறியிருந்தது. பெரிய படத்தோடு குட்டிப் படங்களையும் சேர்த்துத் தியேட்டர் தலையில் கட்டும் வழக்கம் 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு எடுபடாமல் போனது.

அதே 1957இல் இருவரும் சொந்தமாக ஸ்டூடியோ தொடங்கினார்கள். முதல் தொடர் ரஃப் அண்ட் ரெட்டி, டிசம்பரில் அமெரிக்காவின் என்பிசி சேனலில் வந்தது. அதில் ஐந்து நிமிடத்துக்குக் கிடைத்த பணம் சுமார் 2,700 டாலர். ஒரு டாம் அண்ட் ஜெர்ரிக்கு அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் செலவாகிக்கொண்டிருந்தது. அந்தத் தொகைக்குப் பழைய முறையில் ஒரு நிமிடப் படம்கூட எடுக்க முடியாது. ஆகவே முறையையே மாற்றினார்கள்.

3. ஏழு நிமிஷப் படத்துக்கு எத்தனை படம் வரையணும்? கொஞ்சம் கணக்கா சொல்லுங்க.

சினிமாப் படச்சுருளில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஏழு நிமிடம் என்றால் 420 நொடி, அதாவது 10,080 ஃபிரேம். ஒரு வரைபடத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் கண்ணுக்கு அசைவு நன்றாகவே தெரியும், எண்ணிக்கையும் பாதியாகிவிடும். ஆனால் திரையில் பூனை, எலி, நாய் என்று மூன்று பேர் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வரைய வேண்டும். இப்படிப் பார்த்தால் முழு அசைவு கொண்ட ஒரு ஏழு நிமிடப் படத்துக்கு 14,000 வரைபடம் வரை ஆகும் என்பார்கள். ஹன்னா-பார்பரா அதைச் சுமார் 2,000க்குக் கொண்டுவந்தார்கள்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. டாம் அண்ட் ஜெர்ரி எடுக்கும்போதே, முழுதாக வரைவதற்கு முன்னால் முக்கியமான நிலைகளை மட்டும் வரைந்து, சரியான நேர அளவில் ஓட்டிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அந்தக் கச்சா வடிவமே சிரிப்பை வரவழைத்தது. நிலையும் நேரமும் சரியாக அமைந்தால் இடையில் உள்ள ஆயிரக்கணக்கான வரைபடங்கள் இல்லாமலேயே நகைச்சுவை வேலை செய்யும் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

4. யோகி கரடிக்குச் சட்டையே இல்ல, காலரும் டையும் மட்டும் எதுக்கு?

கழுத்தில் ஒரு கோடு வேண்டும், அதற்குத்தான். அந்தக் கோட்டுக்கு மேலே தலை ஒரு செல்லில், கீழே உடம்பு இன்னொரு செல்லில். செல் என்பது படத்தை நகலெடுத்து வண்ணம் தீட்டும் கண்ணாடி போன்ற தாள். யோகி பேசும் ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். உடம்பு ஒரே வரைபடம், மூன்று நொடி, நான்கு நொடி அப்படியே நிற்கும். தலை மட்டும் இரண்டு மூன்று கோணத்தில் சாயும். வாய்க்கு ஏழெட்டு வடிவங்கள் இருக்கும், அவைதான் மாறி மாறி வரும். நடுவில் ஒருமுறை கண் சிமிட்டும். மூடிய வாய், அகலத் திறந்த வாய், ஓ என்று குவிந்த வாய் எல்லாம் முன்பே தயார். இன்றைய வசனத்துக்கு வரைந்த அதே வாய்கள் அடுத்த வார வசனத்துக்கும் ஆகும்.

காலர் இல்லாவிட்டால் தலையும் உடம்பும் சேரும் இடம் துண்டாகத் தெரியும். காலர் அதை மறைத்துவிடுகிறது. ஹக்கிள்பெரி ஹவுண்டின் போ டை, யோகியோடு வரும் பூபூவின் போ டை எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. பாத்திரத்தை வடிவமைத்த எட் பெனடிக்ட் இந்தத் தேவையை ஒரு அலங்காரமாகவே மாற்றிவிட்டார். காலரும் டையும் இல்லாத யோகியை இன்று யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது.

5. ஓடும்போது அதே ஜன்னல், அதே மரம் திரும்பத் திரும்ப வருதே, பாக்கறவங்க கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நினைச்சாங்களா?

பின்னணி ஒரு நீளமான ஓவியம். அதன் இடது ஓரமும் வலது ஓரமும் பொருந்தும்படி வரைந்து, கேமராவின் கீழே இழுத்துக்கொண்டே போவார்கள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஓடுகிறவருக்கு ஒரு எட்டுப் படம் வரைந்து அதையே சுழற்றினால் போதும். எட்டுப் படம், இரண்டு இரண்டு ஃபிரேம் என்றால் 16 ஃபிரேம். ஒரு நொடிகூட இல்லை, ஆனால் அதை வைத்து ஒரு நிமிடம் ஓட்டலாம். பாத்திரங்கள் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே ஓடுவதும் இதனால்தான். நம்மை நோக்கி ஓடிவந்தால் ஒவ்வொரு படத்திலும் உருவம் பெரிதாக வேண்டும், சுழற்ற முடியாது.

கண்டுபிடிப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைய டிவி சிறியது, பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளை. வாரம் ஒரு முறைதான் ஒளிபரப்பு. நாம் யூடியூபில் நிறுத்திப் பார்ப்பதுபோல அன்று யாரும் பார்க்கவில்லை. இந்தக் குறையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஓட்டத்தின்போது பேச்சு நன்றாக இருந்தால் ஜன்னலை யாரும் எண்ணுவதில்லை. எண்ணத் தோன்றினால் பேச்சு சரியில்லை என்று பொருள்.

6. எந்தக் கதவு திறக்கப் போகுது, எந்தப் பாறை விழப் போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சுடுதே, அது எப்படி?

அசையப் போகிற பொருள் செல்லில் இருக்கும், அசையாதது பின்னணி ஓவியத்தில் இருக்கும். பின்னணியை ஓவியர் தூரிகையால் நிழலும் ஒளியும் கொடுத்து வரைவார். செல்லில் அப்படி முடியாது. கோட்டுக்குள் ஒரே தட்டையான வண்ணம்தான். அதனால் மலைச்சரிவில் இருக்கும் நூறு பாறைகளில் ஒன்று மட்டும் வெளிறி, சுற்றிக் கோடு போட்டதுபோல நிற்கும். அது விழப் போகிறது என்று அஞ்சு வயதுக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். செல் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் முழுத் தெளிவு கிடையாது. நான்கு செல்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் அடியில் இருப்பது கொஞ்சம் மங்கும். எந்த அடுக்கில் வரப் போகிறது என்று பார்த்து அதற்கேற்ப வண்ணத்தைக் கூட்டிக் குறைத்துக் கலக்க வேண்டும். நேரம் இருந்த ஸ்டூடியோக்கள் அதைச் செய்தன. வாரக் கெடுவில் ஓடியவர்களால் எல்லா நேரமும் முடியவில்லை. இது முழு அசைவுப் படங்களிலும் உள்ள சிக்கல்தான், சிக்கன கார்ட்டூனில் கூடுதலாகக் கண்ணில் படுகிறது, அவ்வளவே.

7. அசைவே இல்லன்னா அப்புறம் எதை ரசிக்கறது?

குரலை. அப்புறம் வசனத்தை. டாம் அண்ட் ஜெர்ரியில் இருவரும் கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை, ஏனென்றால் உடம்பே எல்லாவற்றையும் சொல்லிவிடும். உடம்பு அசைய முடியாத இடத்தில் அந்தச் சுமை முழுவதும் குரலுக்கு வந்தது. டாஸ் பட்லர் என்ற ஒரே நடிகர்தான் யோகிக்கும் ஹக்கிள்பெரி ஹவுண்டுக்கும் குவிக் டிரா மெக்ராவுக்கும் குரல் கொடுத்தார். யோகி வார்த்தைகளை இழுத்து மேலே ஏற்றுவார். ஹக்கிள்பெரி எத்தனை அடி வாங்கினாலும் தெற்கத்திய இழுவையில் நிதானமாகவே பேசுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் என்று தெரியும். பூபூவுக்கும், காட்டு அதிகாரி ஸ்மித்துக்கும் டான் மெசிக். பல காட்சிகளில் இந்த இரண்டு பேர் மட்டுமே ஒலிப்பதிவு அறையில் நின்றுகொண்டு ஒரு காட்டையே நடத்தியிருக்கிறார்கள்.

வசனம் எழுதியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. மைக்கேல் மால்டீஸும் வாரன் ஃபாஸ்டரும் வார்னர் பிரதர்ஸில் பக்ஸ் பன்னிக்கு எழுதிக் கை தேர்ந்தவர்கள். ஃபிளிண்ட்ஸ்டோன்ஸில் ஃபிரெட்டாக ஆலன் ரீட், பார்னியாக மெல் பிளாங்க். 1961 ஜனவரியில் மெல் பிளாங்க் பெரிய கார் விபத்தில் சிக்கினார். சில அத்தியாயங்களுக்கு டாஸ் பட்லர் பார்னியாகப் பேசினார். அதற்குப் பிறகு பிளாங்க் உடம்பெல்லாம் கட்டோடு படுத்திருக்க, ஒலிப்பதிவுக் கருவிகளும் மற்ற நடிகர்களும் அவர் படுக்கையருகே போனார்கள். குரல் இல்லாவிட்டால் தொடரே இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பக்ஸ் பன்னி படங்களை இயக்கிய சக் ஜோன்ஸ் இந்த வகைப் படங்களைப் படம் போட்ட வானொலி என்று சொன்னார். அவர் குறையாகத்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் திரைப்பட ஒலிச்சித்திரம் கேட்டு, திரையைப் பார்க்காமலேயே சிரித்த தலைமுறைக்கு அது அவ்வளவு பெரிய குறையாகத் தோன்றாது. 1960இல் ஹக்கிள்பெரி ஹவுண்ட், டிவி நிகழ்ச்சிகளுக்குத் தரும் எம்மி விருது வாங்கியது. அந்த விருதைப் பெற்ற முதல் கார்ட்டூன் தொடர் அது. அசைவுக்காக யாரும் அதைக் கொடுத்திருக்க முடியாது.

8. ஒருத்தர் கீழ விழறதைக் காட்டாம சத்தம் மட்டும் வருதே, அது ஏமாத்து வேலைதானே?

சிக்கனம்தான், ஆனால் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஒருவர் திரைக்கு வெளியே ஓடுகிறார், டமார் என்று சத்தம், கேமரா குலுங்குகிறது, இங்கே நிற்பவர் முகம் சுருங்குகிறது. வரைந்தது ஒரு முகம் மட்டும். மீதியை நாமே நினைத்துக்கொள்கிறோம். அளவாகச் செய்தால் நேரடியாகக் காட்டுவதைவிட இதுவே சிரிப்பாக இருக்கும். பத்து நிமிடத்தில் ஐந்து முறை செய்தால் அலுத்துவிடும்.

சத்தத்தில் அவர்கள் காட்டிய அக்கறை தனியாகப் பாராட்ட வேண்டியது. ஃபிளிண்ட்ஸ்டோன் காரைக் காலால் உந்திக் கிளப்பும்போது வரும் படபடவென்ற ஒலி பாங்கோ டிரம். கால்கள் அந்தரத்தில் ஒரு வட்டமாகச் சுழலும், நான்கைந்து படம்தான். அந்த டிரம் ஒலிதான் அதற்கு வேகம் கொடுக்கிறது. ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் காட்சி செத்துவிடும். ஒருமுறை செய்து பாருங்கள், நான் சொல்வது புரியும்.

9. ஒரு பழைய கார்ட்டூன்ல முகம் வரைஞ்சது, வாய் மட்டும் நிஜ மனுஷன் வாய். பயமா இருந்துச்சு, அது என்ன?

கிளட்ச் கார்கோ, 1959. 4ஆம் கேள்வியில் சொன்ன வாய் வடிவங்களைக்கூட வரைய காசில்லாதபோது கண்டுபிடித்த வழி. வசனம் பேசும் நடிகரின் வாயைப் படம்பிடித்து வரைந்த முகத்தின் மேல் பொருத்திவிடுவார்கள். சிங்க்ரோ-வாக்ஸ் என்று அதற்குப் பெயர். மற்றபடி உருவங்கள் அசையவே அசையாது, கேமராதான் நகரும்.

இதில் ஒரு நல்லதைச் சொல்ல வேண்டும் என்றால், ஒவ்வொரு நிலைப்படமும் காமிக்ஸ் பக்கம்போல நேர்த்தியாக இருக்கும். கெட்டது நீங்களே சொல்லிவிட்டீர்கள். உதடு மட்டும் உயிரோடு, கண் செத்துப்போய் இருந்தால் யாருக்கும் பயம் வரும். செலவைக் குறைத்தது தவறில்லை, குறைத்த இடம் தவறு. முகத்தில் பாதி உயிரோடும் பாதி பொம்மையாகவும் இருப்பதைக் கண் ஏற்றுக்கொள்வதில்லை.

10. ராக்கி அண்ட் புல்விங்கிள்ல வில்லனுக்கு மீசை வருது, போகுது. கவனிக்காம விட்டுட்டாங்களா?

கவனிக்க ஆள் அங்கே இல்லை. 1959இல் தொடங்கிய அந்தத் தொடரின் கதையும் குரலும் அமெரிக்காவில், வரைந்து வண்ணம் தீட்டும் வேலை மெக்சிகோ சிட்டியில். செலவைக் குறைக்க விளம்பரதாரர் தரப்பு செய்த ஏற்பாடு. காமா புரொடக்ஷன்ஸ் என்ற அந்த ஸ்டூடியோவுக்கு அவசரமும் அதிகம், அனுபவமும் குறைவு. அதனால் போரிஸின் மீசை காணாமல் போகும், உடையின் நிறம் மாறும். திருத்தி எடுக்க நேரமும் பணமும் இல்லை.

இவ்வளவு இருந்தும் அந்தத் தொடர் நிற்கிறது என்றால் எழுத்துதான் காரணம். பனிப்போர் அரசியலை, டிவி உலகத்தை, தங்கள் தொடரையே கிண்டல் செய்யும் எழுத்து. ராக்கிக்கு ஜூன் ஃபோரே, புல்விங்கிளுக்கு பில் ஸ்காட். ஸ்காட்தான் முக்கிய எழுத்தாளர்களில் ஒருவரும்கூட. 7ஆம் பதிலில் சொன்ன விஷயம் இங்கே இன்னும் கூர்மையாகத் தெரியும். யோகியில் படமும் ஓரளவு நேர்த்தி. இங்கே படம் உண்மையிலேயே மோசம், ஆனாலும் சிரிப்பு தடைபடவில்லை.

11. மீம்ல ரெண்டு ஸ்பைடர்-மேன் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டுவாங்களே, அதுவும் இந்த வகைதானா?

ஆமாம், 1967இல் வந்த தொடர். அந்த உடையைப் பாருங்கள். காமிக்ஸில் சிவப்புப் பகுதி முழுக்க வலைக்கோடு இருக்கும். இங்கே முகமூடி, கையுறை, காலணி ஆகியவற்றில்தான் கோடு, மார்பில் வெறும் சிவப்பு. ஒவ்வொரு படத்திலும் வலை வரைந்தால் கட்டுப்படியாகாது. நகரத்தில் ஊஞ்சலாடும் காட்சிகள் ஒரு தொகுப்பாக வைத்துக்கொண்டு எல்லா அத்தியாயத்திலும் ஓட்டியவை.

முதல் பருவத்தை எடுத்த கிராண்ட்ரே-லாரன்ஸ் நிறுவனம் திவாலானது. அடுத்த பருவங்கள் இயக்குநர் ரால்ஃப் பக்ஷியிடம் வந்தன. அவர் காலத்தில் ராக்கெட் ராபின் ஹுட் என்ற வேறொரு தொடரின் கதையையும் காட்சிகளையும் எடுத்து ஸ்பைடர்-மேனை உள்ளே நுழைத்த அத்தியாயங்கள்கூட உண்டு. அதே காலத்தில்தான் வானம் பச்சையும் ஊதாவுமாகக் கொதிக்கும் விசித்திரப் பின்னணிகளும் வந்தன. பின்னணியில் ஓவியர் விரும்பியபடி விளையாடினாலும் செலவு கூடாது. அந்த ஓவியங்களை நான் இன்றும் விரும்பிப் பார்க்கிறேன். கதை அவற்றுக்கு ஈடுகொடுக்கவில்லை.

12. சாகசக் கதை எடுத்தா மட்டும் ஏன் சொதப்புது?

நகைச்சுவைப் பாத்திரம் அசையாமல் நின்றால் அது நிதானம். வீரன் அசையாமல் நின்றால் அது மரக்கட்டை. வட்டமும் நீள்வட்டமுமாக வரைந்த கரடியின் உடம்பு எங்கே மடங்கும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மனித உடம்பு எப்படி நடக்கும், எப்படிக் குதிக்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். அங்கே சின்னக் குறையும் உறுத்தும்.

நல்ல எடுத்துக்காட்டு 1964இன் ஜானி குவெஸ்ட். காமிக்ஸ் ஓவியர் டக் வைல்டி உருவாக்கியது. கறுப்பு நிழல்களும் ஒளியமைப்பும் அந்தக் கால டிவியில் வேறு யாரும் தொடாத உயரம். நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொரு ஃபிரேமும் சுவரில் மாட்டலாம். ஓடவிட்டால் விறைப்பு தெரிகிறது. செலவும் அதிகம், 26 அத்தியாயத்தோடு நின்றது. அதில் ஹாட்ஜி என்ற கல்கத்தாச் சிறுவன் வருவான், தலைப்பாகை, மந்திரம், பாம்பாட்டி வித்தை என்று. ஒரு இந்தியச் சிறுவனை நாயகனுக்குச் சமமான தோழனாக வைத்தது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். ஆனால் அவனை எழுதிய விதத்தில் இந்தியாவை அறிந்த சுவடு இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

13. ஜப்பான் அனிமேயும் இப்படித்தான் ஆரம்பிச்சதா?

டிவி அனிமே இப்படித்தான் ஆரம்பித்தது. 1963 ஜனவரி 1ஆம் தேதி ஒசாமு தெஸுகாவின் ஆஸ்ட்ரோ பாய் ஒளிபரப்பானது. வாரம் அரை மணி நேரம், 193 அத்தியாயம், 1966 கடைசி நாள் வரை. தெஸுகா எடுக்க ஆன செலவைவிடக் குறைந்த விலைக்கு டிவிக்கு விற்றார். பொம்மை, சாக்லேட் விளம்பரம், வெளிநாட்டு விற்பனை ஆகியவற்றில் ஈடுகட்டலாம் என்பது கணக்கு. ஒரு படத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்துவது, அதாவது நொடிக்கு எட்டுப் படம், அங்கே வழக்கமானது. பறப்பது, ஓடுவது போன்ற செல்களைப் பத்திரப்படுத்தி மறுபடி எடுத்து உபயோகிக்கும் முறைக்கு பேங்க் என்றே பெயர் வைத்தார்கள்.

அமெரிக்கர்கள் அசைவு குறைந்த இடத்தைப் பேச்சால் நிரப்பினார்கள் என்றால், தெஸுகா படச்சட்டத்தால் நிரப்பினார். சட்டென்று மாறும் கோணம், நிலைத்து நிற்கும் நெருக்கமான கண்கள், வேகக் கோடுகள், மௌனம். அவர் காமிக்ஸ் ஓவியர், ஒரு நிலைப்படத்தில் உணர்ச்சியை நிறுத்தத் தெரிந்தவர். அதனால்தான் சிக்கன முறையில் சோகக் கதையும் எடுபடும் என்று ஜப்பானில் நிரூபிக்க முடிந்தது. கெடுதலும் அங்கிருந்தே வந்தது. ஒரு முறை குறைந்த விலைக்கு விற்றதை டிவிக்காரர்கள் நிரந்தர விலையாக எடுத்துக்கொண்டார்கள் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் குறைப்படுகிறார்கள். அவருடைய முஷி புரொடக்ஷன் 1973இல் திவாலானது.

14. சில டாம் அண்ட் ஜெர்ரி மட்டும் ஒரு மாதிரி இருக்கே, சத்தம் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி?

ஜீன் டைட்ச் எடுத்த 13 படங்கள், 1961, 1962இல் வெளியானவை. எம்ஜிஎம் தன் பிரிவை மூடிய பிறகு வெளியே கொடுத்து எடுத்தது. ஒரு படத்துக்குச் சுமார் 10,000 டாலர். எடுத்த இடம் கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த பிராக் நகரம். அங்கே வரைந்த பலர் மூல டாம் அண்ட் ஜெர்ரியை அதற்கு முன் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. டாட் டாக்ஸ்டேடரின் எலக்ட்ரானிக் ஒலிகள், எதிரொலி, திடீர்த் திடீர் அசைவு எல்லாம் சேர்ந்து கனவு மாதிரி ஒரு உணர்வு வரும்.

பலரும் இவற்றை மட்டம் என்று ஒதுக்குகிறார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். டாம் அண்ட் ஜெர்ரியின் உயிர் அடி விழும் நேரக்கணக்கில் இருக்கிறது, அது இங்கே தவறுகிறது. பேச்சே இல்லாத இரண்டு பாத்திரங்களைக் குறைந்த காசில் எடுக்கப் போனதே தப்பான தொடக்கம், 7ஆம் பதிலில் சொன்ன குரல் என்ற கைத்தடி இங்கே கிடையாது. ஆனால் அந்த ஒலிகளின் விசித்திரத்தைத் தனியாகக் கேட்டால் அதில் ஒரு கற்பனை இருக்கிறது.

15. அசைவு கம்மின்னாலே மலிவுன்னுதானே அர்த்தம்?

கிடையாது. யூபிஏ என்ற ஸ்டூடியோ 1950இல் ஜெரால்டு மெக்பாயிங்-பாயிங் எடுத்தது. ஒரே கோடு, தட்டையான வண்ணம், பின்னணியே இல்லாத காட்சிகள். காசில்லாமல் செய்ததில்லை. டிஸ்னியின் வழுவழுப்பான நிஜத்தன்மை வேண்டாம், நவீன ஓவியம் மாதிரி இருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்துச் செய்தது. ஆஸ்கர் கிடைத்தது. டிவிக்காரர்கள் அதன் தோற்றத்தை எடுத்துக்கொண்டார்கள், அதற்குப் பின்னால் இருந்த யோசனையை எல்லாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுபக்கம், சிக்கனம் டிவியோடு நிற்கவும் இல்லை. டிஸ்னி 1961இல் நூற்றியொரு டால்மேஷன் படத்துக்கு, கையால் மசி போடுவதை விட்டுவிட்டு பென்சில் கோட்டை நேரடியாகச் செல்லில் நகலெடுக்கும் இயந்திரத்துக்கு மாறியது. அத்தனை நாய்க்கும் புள்ளி வைத்துக் கையால் நகலெடுக்க முடியாது. 1973இன் ராபின் ஹுட் படத்தில் பழைய டிஸ்னி படங்களின் நடனங்களையே மேலே வரைந்து எடுத்திருக்கிறார்கள்.

16. ஃபிளிண்ட்ஸ்டோன்ஸ் சிகரெட் விளம்பரத்துல வந்துச்சுன்னு சொல்றாங்க, குழந்தைங்க கார்ட்டூன்லயா?

உண்மைதான். ஃபிரெட்டும் பார்னியும் வின்ஸ்டன் சிகரெட் பிடிக்கும் விளம்பரங்கள் ஆரம்பப் பருவங்களில் வந்தன. ஆனால் அது குழந்தைகள் கார்ட்டூனாகத் தொடங்கவில்லை. 1960 செப்டம்பர் 30 அன்று ஏபிசியில் இரவு நேரத்தில், பெரியவர்கள் பார்க்கும் நேரத்தில் வந்த முதல் கார்ட்டூன் தொடர் அது. சிரிப்பொலியும் சேர்த்திருந்தார்கள். 166 அத்தியாயம் ஓடியது. மாமியார், சம்பளம், பக்கத்து வீட்டுக்காரர் என்று கதையெல்லாம் குடும்பப் பேச்சு. பேச்சுதான் மலிவாக எடுக்க முடிந்தது, பேச்சைக் கேட்கப் பொறுமை உள்ளவர்கள் பெரியவர்கள்தான்.

17. இவங்கதான் அனிமேஷன் கலையையே கெடுத்தாங்கன்னு சொல்றாங்களே, சரியா?

1957க்குப் பிறகு ஸ்டூடியோக்கள் மூடியபோது தெருவுக்கு வந்த அனிமேட்டர்களுக்குச் சோறு போட்டது இந்த டிவி கார்ட்டூன்கள்தான். 1959இல் டிஸ்னி ஆட்குறைப்பு செய்தபோதும் பலர் இங்கேதான் வந்தார்கள். ஆரம்பத் தொடர்களில் கை தேர்ந்தவர்களின் கோடு தெரியும். கார்லோ வின்சி வரைந்த யோகியின் நடை குறைந்த படங்களிலும் தனி ஆட்டத்தோடு இருக்கும். முழு அசைவில் இருபது வருடம் பழகியவர்தான் எந்த ஐந்து படம் போதும் என்று சரியாகச் சொல்வார்.

கெடுதல் அடுத்த கட்டத்தில் வந்தது. ஆர்டர் பெருகியது, ஒரே நேரத்தில் பல தொடர்கள். 1969இல் ஸ்கூபி-டூ வெற்றி பெற்றதும் நான்கு இளைஞர்கள், ஒரு வேடிக்கைத் துணை, ஒரு மர்மம் என்று வரிசையாக நகல்கள். முழு அசைவைக் கற்காமலேயே நேராகச் சிக்கன முறைக்கு வந்தவர்கள் அதிகமானார்கள். எதை விட வேண்டும் என்று யோசித்து விட்டதும், வழக்கம் என்பதால் விட்டதும் திரையில் வேறு வேறாகத் தெரியும். ஃபிலிமேஷன் நிறுவனம் 1983இன் ஹீ-மேன் வரைக்கும் அதே ஓட்டம், அதே திரும்பல் என்று சேமிப்பிலிருந்து எடுத்து ஓட்டியது. அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மற்றவர்கள் வரையும் வேலையை ஆசிய நாடுகளுக்கு அனுப்பியபோது, ஃபிலிமேஷனை நடத்திய லூ ஷைமர் அதை அமெரிக்காவிலேயே வைத்துத் தன் ஆட்களுக்கு வேலை கொடுத்தார். அந்தச் செலவைச் சேமிப்புக் காட்சிகள்தான் ஈடுகட்டின.

ஆக, 1958இன் யோகியையும் பிற்கால நகல் தொடர்களையும் ஒரே தராசில் வைத்து மொத்தமாகத் திட்டுவதை நான் ஏற்பதில்லை.

18. சரி, எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

ஹக்கிள்பெரி ஹவுண்ட் நிகழ்ச்சியின் முதல் வருடம், 1958. யோகி அதில்தான் துணைப் பாத்திரமாக அறிமுகமானார். அப்புறம் ஃபிளிண்ட்ஸ்டோன்ஸின் முதல் பருவம். ராக்கி அண்ட் புல்விங்கிளைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் ஒரு தொடர்கதையை முழுதாகப் பாருங்கள், வசனம் வேகமாக ஓடும், சப்டைட்டில் இருந்தால் நல்லது. ஆஸ்ட்ரோ பாயின் முதல் அத்தியாயத்தைக் கறுப்பு வெள்ளையில், ஜப்பானிய ஒலியோடு பார்ப்பதே சிறந்தது. கிளட்ச் கார்கோ ஒன்று போதும். சிறு குழந்தைகளோடு உட்காருவதாக இருந்தால் அதை விட்டுவிட்டு யோகியைப் போடுங்கள்.